எந்த நாடு என்று கேட்கிறவர்களுக்கு

வன்னியில் முதுமாணிப் படிப்பைப் பற்றி யாரோடு கதைத்தாலும் முதலில் வருகிற கேள்வி எந்த நாடு என்பதுதான். இங்கிலாந்தா, கனடாவா, அவுஸ்ரேலியாவா, ஜேர்மனியா. பிறகு எவ்வளவு காசு காட்டவேண்டும், படிக்கும்போது வேலை செய்ய விடுவார்களா, முடித்தபின் அங்கேயே நிற்கலாமா என்று வரிசையாக வரும். சரி, என்ன படிக்கப்போகிறாய் என்று திருப்பிக் கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சு இருக்காது. "அது ஏதாவது மனேஜ்மென்ட் எடுக்கலாம் அக்கா, ஏஜென்சியில பார்த்துத் தருவினம்" என்று ஒரு தம்பி போன கிழமை சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளிக்கிட்டால் போதும் என்று நினைக்க வைக்கிற வாழ்க்கையை நானும் இங்கேதான் வாழ்ந்தேன். ஆனால் இந்தக் கேள்விகளின் வரிசை தலைகீழாக இருப்பதால்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். என்ன படிப்பு என்பதை முன்னுக்கு வைத்தால் நாடு, காசு, புலமைப்பரிசில், விசா எல்லாம் வேறு மாதிரி அமையும். எனக்கு அப்படித்தான் அமைந்தது, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஏஜென்சி விஷயம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சி ஏ9 வீதியோரத்திலும் பதாகை பார்க்காமல் போக முடியாது. பெரும்பாலான ஏஜென்சிகளுக்கு வருமானம் நீங்கள் கட்டுகிற காசு மட்டும் இல்லை. ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவர் கட்டும் கற்கைக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரகாகக் கொடுக்கும். இது ஒளித்துச் செய்கிற வேலை இல்லை, அந்தத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதன் விளைவு என்னவென்று யோசியுங்கள். தரகு கொடுக்கிற பல்கலைக்கழகங்களின் பெயர்தான் அந்த மேசையில் உங்கள் முன்னால் வரும். ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் கற்கைக் கட்டணமே வாங்குவதில்லை. கட்டணம் இல்லாத இடத்தில் யாரிடமிருந்து தரகு வரும்? ஆகவே அந்தக் கதை அங்கே எழும்பாது. முழுச் செலவையும் தருகிற புலமைப்பரிசில்களின் கதையும் எழும்பாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2023இல் இங்கிலாந்துக்குப் போகத் தயாரானது. மனைவிக்கு மாணவர் விசா, கணவன் அவரோடு சேர்ந்து போவது என்று திட்டம். கடன் வாங்கி, நகை அடைவு வைத்து, முதல் தவணையும் கட்டியாயிற்று. ஆனால் 2024 தை மாதத்திலிருந்து அங்கே பாடவகுப்பு முறையிலான முதுமாணி படிக்கிறவர்கள் துணையையோ பிள்ளைகளையோ கூட்டிப்போக முடியாது என்று சட்டம் மாறியது. அறிவிப்பு பல மாதங்களுக்கு முன்பே, 2023 வைகாசியிலேயே வந்துவிட்டது. இவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண் தனியாகப் போனார். எடுத்த பாடம் அவருக்குப் பிடித்ததும் இல்லை, முன்பு படித்ததோடு சேர்ந்ததும் இல்லை. கற்கைக் கட்டணம் 15,000 பவுணுக்கு மேல். அதைவிட விசாக் கட்டணமும், வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணமும். இவ்வளவும் கட்டிவிட்டு இரவு வேலைக்கு ஓடி, பகலில் வகுப்பில் நித்திரை தூங்குகிற பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள். தனக்கு விருப்பமான பாடத்தில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்கள்.

எனக்குத் தண்ணீர்தான் பாடம் என்பது வளாகத்துக்குப் போகமுன்பே தெரியும். கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற குடும்பம். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பது எங்கள் வீட்டில் தினமும் கதைக்கிற விஷயம். கோடைப் பயிர்ச்செய்கையான சிறுபோகம் வரமுன் மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும், நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல சேவைகள் அலுவலர்களும் கமக்கார அமைப்புக்காரரும் இருப்பார்கள், நிற்கிற தண்ணீரைப் பார்த்து இந்த முறை எத்தனை ஏக்கர் செய்யலாம், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு செய்வார்கள். சில வருடம் கைகலப்பு வருகிற அளவுக்குச் சத்தம் இருக்கும். அப்பா கூட்டத்தால் வந்து சைக்கிளைச் சாத்துகிற விதத்திலேயே எவ்வளவு பங்கு கிடைத்தது என்று அம்மா கண்டுபிடித்துவிடுவார். இப்படி வளர்ந்தவள் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் எடுத்து, மூன்றாம் வருடத்தில் நீரியல் பாடம் வந்தபோது, வேறெதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே தேடும்போது நான் நாட்டின் பெயரைப் போட்டுத் தேடவில்லை. நீரியல், நீர்வள முகாமைத்துவம், நீர்ப்பாசனம் என்று பாடத்தைப் போட்டுத்தான் தேடினேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் தண்ணீருக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் இருக்கிறது, 1957இல் தொடங்கியது. பாங்கொக்குக்குக் கிட்ட ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம், அங்கே எத்தனையோ இலங்கைப் பொறியியலாளர்கள் படித்திருக்கிறார்கள். ஜேர்மனியில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீர் அறிவியலும் பொறியியலும் சேர்ந்த முதுமாணி, முழுக்க ஆங்கிலத்தில். கடைசியில் அங்கேதான் போனேன். காரணம் இரண்டு. பாடங்களின் பட்டியல் நான் தேடியதாக இருந்தது, கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் ஜேர்மனி என்றால் எல்லா இடமும் இலவசம் என்று நினைக்கக் கூடாது. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. நோர்வே ஒருகாலத்தில் எல்லோருக்கும் இலவசமாக இருந்தது, 2023இலிருந்து அங்கேயும் கட்டணம். சொந்தக்காரர் பத்து வருடத்துக்கு முன் சொன்னதை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள்.

புள்ளிகளைப் பற்றி ஒன்று. ஜேர்மனியில் 1.0 தான் மிகச் சிறந்தது, 4.0 சித்திக்கான எல்லை, 5.0 என்றால் சித்தியில்லை. எங்களுடைய ஜி.பி.ஏ.யை, அதாவது சராசரிப் புள்ளியை, அவர்கள் ஒரு சூத்திரத்தில் போட்டு மாற்றுவார்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் சித்திக்கு வேண்டிய குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அதிகபட்சம் 4.0, சித்தி எல்லை 2.0 என்று வைத்தால் ஜி.பி.ஏ. 3.0 எடுத்தவருக்கு 2.5 வரும், 3.2 எடுத்தவருக்கு 2.2 வரும். நிறையக் கற்கைநெறிகள் 2.5 என்பதை எல்லையாக வைத்திருக்கின்றன. முதல் வகுப்பு எடுத்தால்தான் வெளிநாடு என்று வளாகத்தில் ஒரு கதை உலாவுகிறது, அதை நம்பி ஒதுங்கிப்போன நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்த்திருந்தால் அவர்களில் பலர் விண்ணப்பித்திருப்பார்கள்.

இனிக் கடுதாசிகள். வன்னிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைவிட இதுதான் பெரிய தடை என்று நான் நினைக்கிறேன், இதைப் பற்றி யாரும் எழுதுவதும் இல்லை. வெளிநாட்டு விண்ணப்பம் ஒவ்வொன்றும் நீங்கள் ஒரே வீட்டில், ஒரே அலுமாரியில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து வளர்ந்தவர் என்று எண்ணியே தயாரிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் 2008, 2009இல் எத்தனை இடம் மாறினோம். தறப்பாள் கொட்டிலில் மழை ஒழுகி நனைந்தது, பங்கரில் விட்டுவிட்டு ஓடியது, ஆற்றிலும் கடலிலும் போனது. மாத்தளன் வரை எங்கள் வீட்டு ஆவணப் பையைத் தூக்கிவந்தது அம்மாதான். அவர் கையில் இருந்ததெல்லாம் அந்தப் பையும் என் தம்பியும். அதிலும் என் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, தம்பியுடையது இல்லை. செட்டிகுளம் முகாமில் பெயர் பதிந்தபோது அவனுடைய பெயரை ஒரு எழுத்து மாற்றி எழுதினார்கள். அந்த ஒரு எழுத்து அடையாள அட்டை, ஓ.எல். சான்றிதழ், கடவுச்சீட்டு என்று அவனைத் துரத்திக்கொண்டே வந்தது.

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் நேரம் எடுக்கும். பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகள் பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கின்றன, பாடசாலை எரிந்திருந்தாலும் அவை இருக்கும், திரும்பவும் சான்றிதழ் எடுக்கலாம். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்திருங்கள். தமிழ் ஆவணங்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்துகிற வேலைக்கு முன்பு கொழும்புக்கே போகவேண்டியிருந்தது, இப்போது யாழ்ப்பாணத்திலும் ஒரு அலுவலகம் இருக்கிறது. இவற்றையெல்லாம் அனுமதிக் கடிதம் வந்தபின் தொடங்கினால் காலம் காணாது. வளாகத்தில் கடைசி வருடம் தொடங்கும்போதே தொடங்குங்கள். என் தம்பியின் அந்த எழுத்தைத் திருத்தி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது, ஒரு அலுவலகத்தில் இந்தக் கடிதம் காணாது என்பார்கள், அடுத்ததில் அந்தக் கடிதம் எதற்கு என்பார்கள். அவன் பொறுமையான பிள்ளை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

காசு. ஜேர்மன் மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கொன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். நான் போன 2021இல் அது 10,332 யூரோ. இப்போது 11,904 யூரோ. அது அவர்களுக்குக் கட்டுகிற காசு இல்லை, எங்கள் காசுதான், அங்கே போனபின் மாதம் மாதம் பிரித்துத் தருவார்கள். ஆனால் அந்த முழுத்தொகையையும் முதலில் எங்கே எடுப்பது? அன்றைய நாணய மாற்றில் கிட்டத்தட்ட 24 இலட்சம் ரூபாய். இன்றைய மாற்றில் இன்றைய தொகை 40 இலட்சத்தையும் தாண்டும்.

எங்களிடம் காணி இருக்கிறது. ஆனால் இரணைமடுவின் கீழ் இருக்கிற பெரும்பாலானவர்களைப் போல எங்களுடையதும் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அப்பப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தது, அதன்பின் அப்பாவின் பெயருக்கு வந்தது. உறுதிக்காணியை ஈடு வைப்பது போல இதை வைக்க முடியாது. "பிள்ளை, இந்தப் பெர்மிட்டைக் கொண்டுபோனால் மனேஜர் தேத்தண்ணி தருவார், காசு தரமாட்டார்" என்றார் அப்பா. கொழும்பில் ஒரு சின்ன வீடு இருக்கிற குடும்பத்துப் பிள்ளை ஒரு கிழமையில் முடிக்கிற வேலை, ஏக்கர்க்கணக்கில் வயல் இருக்கிற எங்களுக்கு மாதக்கணக்கில் இழுபடுகிறது என்பதை இந்த முறைகளை வகுத்தவர்கள் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் எப்படிச் சேர்ந்தது என்றால், அம்மாவின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடைவுக்குப் போயின, அக்கா பிடித்துவந்த சீட்டை முன்கூட்டியே கழித்து எடுத்தார், மீதியைப் பாரிசில் இருக்கும் சின்ன மாமா தந்தார். அவர் உணவகத்தில் நிற்கிறவர், மிச்சம் பிடித்த காசு அது. "படிப்புக்கு எண்டதால தாறன், வேற எதுக்கும் எண்டா யோசிச்சிருப்பன்" என்றார். உங்கள் உறவினர் யாராவது ஜேர்மனியிலேயே வதிவிட அனுமதியோடு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அவர் தன் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் செலவுக்குத் தான் பொறுப்பு என்று கையெழுத்திட்டுத் தந்தால் முடக்கக் கணக்கு தேவைப்படாது. வன்னியில் ஜேர்மனியில் சொந்தம் இல்லாத குடும்பம் குறைவு, ஆனாலும் இந்த வழி பலருக்குத் தெரியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டிக்கு எடுத்த காசை வங்கியில் கொஞ்ச நாள் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் ஒன்று ஓடுகிறது. இங்கிலாந்து விசாவுக்கு 28 நாள் காசு கணக்கில் நிற்கவேண்டும் என்பதால் அதற்கென்றே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போன பிள்ளைக்கு அங்கே இறங்கின முதல் மாதமே கையில் ஒன்றும் இருக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஐப்பசியில் போய் இறங்கினேன். குளிர், இருட்டு, தனிமை பற்றி ஏற்கனவே எல்லோரும் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் படிப்பைப் பற்றியே சொல்கிறேன். ஏனென்றால் அங்கேதான் எனக்கு அதிசயம் நடந்தது.

முதல் பருவத்தில் நீர்ப்பங்கீடு பற்றிய ஒரு கருத்தரங்க வகுப்பு. பேராசிரியர் ஒரு மாதிரியைத் திரையில் போட்டார். ஒரு நீர்த்தேக்கம், ஒரு வாய்க்கால், பத்து வயல், ஒவ்வொரு வயலுக்கும் தேவையான தண்ணீர் சமம். தேக்கத்தில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒருவர் விலை வைக்கலாம் என்றார், இன்னொருவர் ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதி கொடுக்கலாம் என்றார். எனக்குக் கை தன்பாட்டில் எழும்பியது. பாதித் தண்ணீரில் பத்து வயலையும் செய்தால் பத்தும் கருகிப்போகும், எங்கள் ஊரில் அப்படிச் செய்யமாட்டார்கள், தண்ணீரைப் பார்த்து ஏக்கரைத்தான் குறைப்பார்கள், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பங்கு பிரித்து, வாய்க்காலுக்குக் கிட்டவுள்ள துண்டுகளை ஒன்றாக்கி, வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள வால்பகுதிக்காரரும் அதில் தங்கள் பங்கைச் செய்வதுபோல ஏற்பாடு பண்ணுவார்கள் என்று சொன்னேன். ஆங்கிலம் இடையில் தடக்கியது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் எழுந்து வந்து எழுதுகோலை என் கையில் தந்து, பலகையில் வரைந்து காட்டு என்றார். குளத்தை வரைந்தேன், இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களை வரைந்தேன், கிளை வாய்க்கால்களான டி வாய்க்கால்கள், கடைசியில் எங்கள் வயல். யார் முடிவெடுப்பார்கள், ஒருவர் மீறினால் என்ன நடக்கும், வாய்க்கால் துப்புரவுக்கு யார் வரவேண்டும் என்று கேள்வி மேல் கேள்வி. அந்த வகுப்பு முடிய நேரம் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் எலினோர் ஒஸ்ட்ரோமை வாசிக்கத் தந்தார்கள். பொதுவான காடு, மேய்ச்சல் நிலம், நீர்ப்பாசனம் போன்றவற்றைப் பாவிக்கிற மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுக்க உதாரணம் எடுத்துக் காட்டியவர், இலங்கையின் கல்லோயாவைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். பரிசு அறிவித்தது 2009 ஐப்பசியில். அந்த ஐப்பசியில் நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம், குழாயடியில் வாளி வைத்து வரிசையில் நின்றோம். அந்த வருடத்தை அந்தப் பக்கத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் வாசிக்க முடியவில்லை. எங்களை எல்லோரும் கைவிட்டதாக நான் நம்பியிருந்த வருடத்தில், எங்கள் அப்பா போன்ற கமக்காரர்களின் மூளைக்கு உலகத்தின் மிகப் பெரிய மேடையில் மதிப்புக் கிடைத்திருக்கிறது.

அடுத்த வருடம் 2022. ஊரில் நிலைமை உங்களுக்குத் தெரியும். 2021 வைகாசியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, கார்த்திகையில் தடையை எடுத்தார்கள், அதற்குள் மழைக்காலப் பயிர்ச்செய்கையான காலபோகம் பொய்த்துவிட்டது, எங்கள் வயலிலும் பாதி விளைச்சல்கூட வரவில்லை. பங்குனியில் ரூபாய் சரியத் தொடங்கியது, சித்திரையில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அரசாங்கம் அறிவித்தது. நான் துறையில் மாணவ உதவியாளராக மணித்தியாலக் கணக்கில் வேலை செய்து, முடக்கக் கணக்கிலிருந்து மாதம் வருகிற 861 யூரோவில் வாடகையும் 110 யூரோ அளவு மருத்துவக் காப்புறுதியும் போக மிச்சத்தில் கொஞ்சம் அனுப்பினேன். ரூபாய் விழுந்ததால் அனுப்புகிற யூரோவுக்கு ஊரில் கூடக் காசு கிடைத்தது, அடைவு நகையை நினைத்ததைவிட முன்னரே மீட்டோம். சின்ன மாமாவின் கடன் யூரோக் கடன், அது ஒரு சதமும் குறையவில்லை. அவர் ஒருநாளும் கேட்கவுமில்லை. ஊரில் வீட்டார் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க நான் இங்கே சுடுநீரில் குளிக்கிறேனே என்ற எண்ணம் அந்த வருடம் முழுக்கக் கூடவே இருந்தது.

அதே கோடையில் ஐரோப்பாவிலும் பெரிய வறட்சி. டிரெஸ்டன் ஊடாக எல்பே ஆறு ஓடுகிறது. 2002இல் அந்த ஆறு 9.40 மீற்றர் உயர்ந்து நகரத்தை மூழ்கடித்தது, அந்த அடையாளங்கள் சுவர்களில் இன்னும் இருக்கின்றன. நான் பார்த்த 2022 ஆவணியில் அது ஒரு மீற்றருக்கும் கீழே கிடந்தது. ஜேர்மனி அந்த மூன்று மாதம் மாதம் 9 யூரோவுக்கு எல்லாப் பிராந்திய ரயிலிலும் போகிற ரிக்கெட் விட்டிருந்தது, அதில் எல்லை வரைக்கும் போய், அங்காலே தனி ரிக்கெட் எடுத்து, செக் நாட்டின் தெச்சின் நகரத்துக்கு வகுப்பு நண்பர்கள் நாங்கள் போனோம். அங்கே ஆற்றங்கரையில் ஒரு பாறை இருக்கிறது. ஆறு நன்றாக வற்றினால்தான் தெரியும். பழைய காலத்து மக்கள் வறட்சி வந்த வருடங்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள், 1616 அதில் வாசிக்கக்கூடிய மிகப் பழைய ஆண்டு. "என்னைக் கண்டால் அழு" என்று ஜேர்மன் மொழியில் ஒரு வரியும் வெட்டப்பட்டிருக்கிறது. பசிக்கல் என்கிறார்கள். பக்கத்தில் எதியோப்பியாவில் இருந்து வந்த தோழி நின்றாள். அவளும் வறட்சி கண்ட ஊர்க்காரி. இரண்டு பேரும் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே தங்கள் தங்கள் ஊர்க்குளத்தைப் பற்றிக் கதைத்தோம். இப்படியான ஒரு நாளுக்காகவாவது ஒரு பிள்ளை வெளியே போய்ப் படிக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆய்வுக்கு இரணைமடுவையே எடுத்தேன். தரவு கிடைக்குமா என்று மேற்பார்வையாளர் பயந்தார். ஐரோப்பியச் செய்மதிகளான சென்ரினல் 2 இன் படங்கள் யாருக்கும் இலவசம், 10 மீற்றர் துல்லியம், இரண்டு செய்மதியும் சேர்ந்து ஐந்து நாளுக்கொரு தரம் அதே இடத்தைப் படம் பிடிக்கும். சிறுபோகத்தில் எங்கே பச்சை, எங்கே காய்ந்த நிலம் என்பது வடிவாகத் தெரியும். காலபோகத்தில் வாடைக்காற்று மழை மேகம் மூடிவிடும், அப்போது மேகத்தை ஊடுருவுகிற ராடர் செய்மதி சென்ரினல் 1 தான் உதவி. அந்தச் சோடியில் ஒன்று 2021 மார்கழியில் பழுதாகிவிட்டது, அதனால் அதற்குப் பிந்திய மழைக்காலத்துப் படங்கள் எனக்கு ஐதாகத்தான் கிடைத்தன. 2018 மார்கழி வெள்ளத்துக்கு இரண்டும் வேலை செய்தன. அந்தப் படத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கறுப்புக் கறுப்பாகத் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தேன். எங்கள் வயலை நான் கண்டுபிடித்தது மூலையில் நிற்கிற மருதமரத்தால். 10 மீற்றர்ப் படத்தில் மரம் தெரியாது, அதன் நிழலும் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஒரு சதுரம் எப்போதும் கொஞ்சம் கடும்பச்சையாக இருந்தது.

வாய்க்கால் தண்ணீர் எட்டாத வால்பகுதியில் சில துண்டுகள் பச்சையாக இருந்தன. கணினி அதைப் பிழை என்று ஒதுக்கப் பார்த்தது. மேல்வயல்களில் இருந்து வடிகிற கழிவுவாய்க்கால் தண்ணீரை அந்தப் பக்கத்துக் கமக்காரர் வாட்டர் பம்ப் வைத்து இறைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அப்பாவும் இறைத்திருக்கிறார். வட்ஸ்அப்பில் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், எந்த வாய்க்கால், எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆய்வேட்டின் ஒரு அத்தியாயமே அதிலிருந்து வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிற வன்னிப் பிள்ளைகள் எழுதுகிற நோக்கக் கடிதங்கள் என்னிடம் வாசிக்க வருகின்றன, பத்தில் ஒன்பதில் இந்த ஊர் இருக்காது. சின்ன வயதிலிருந்தே ஆர்வம், உலகத்தரமான கல்வி, ஒளிமயமான எதிர்காலம் என்று எங்கேயோ இருந்து எடுத்த வசனங்கள். நந்திக்கடலில் இறால் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை கடல்சார் உயிரியலுக்கு விண்ணப்பிக்கிறாள், களப்பைப் பற்றி ஒரு வசனம் இல்லை. கேட்டால் "அதெல்லாம் எழுதலாமா அக்கா?" என்கிறாள். எழுது அம்மா. அதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

பாடத்தில் பிடி இருந்தால் புலமைப்பரிசிலுக்கும் அதுவே கைகொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிகளில் கட்டணம் இல்லாமல் மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், இரண்டு மூன்று நாட்டில் மாறி மாறிப் படிக்கலாம். ஜேர்மனியின் டாட் (DAAD) என்ற புலமைப்பரிசில் அமைப்பு அபிவிருத்தியோடு தொடர்பான கற்கைகளுக்குத் தருகிறது, அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இங்கிலாந்தின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கும் இரண்டு வருட அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்கவேண்டும். கச்சேரியிலும் திணைக்களங்களிலும் அரசசார்பற்ற நிறுவனங்களிலும் வேலை செய்கிற எங்கள் பட்டதாரிகளுக்கு அந்த அனுபவம் ஏற்கனவே இருக்கிறது. நான் போனபோது எனக்கு அது இருக்கவில்லை, அதனால் நகையும் சீட்டும் மாமாவும்.

படிப்பு முடிந்தபின் வேலை தேட அங்கே 18 மாதம் வதிவிட அனுமதி தருவார்கள். அதை எடுத்து ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை செய்தேன், சின்ன மாமாவின் கடனை முடித்தேன், 2024 இறுதியில் கிளிநொச்சிக்கு வந்தேன். ஏன் வந்தாய் என்று கோயிலிலும் சந்தையிலும் இன்னும் கேட்கிறார்கள். மாமி ஒருவர் அம்மாவிடம் "பிள்ளைக்கு அங்க ஏதும் பிரச்சினையோ" என்று இரகசியமாக விசாரித்தாராம். ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கேயே நிற்கிற நண்பர்களும் நல்லவர்கள்தான், கடன், பிள்ளைகளின் படிப்பு, பயம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் அளக்கப் போவதில்லை. எனக்கு இந்தத் தண்ணீரில்தான் வேலை, அவ்வளவுதான். போன சிறுபோகத்துக்கு முன் எங்கள் கமக்கார அமைப்புக்கு ஒரு வரைபடம் அச்சடித்துக் கொடுத்தேன், மூன்று வருடத்துப் பச்சையும் காய்ச்சலும் நிறம் நிறமாக. தலைவர் ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு வாய்க்காலின் பெயர் மாறிக் கிடக்கிறது என்றார். மாறித்தான் இருந்தது, திணைக்களத்தின் பழைய வரைபடத்திலேயே அப்படி. திருத்தி அடுத்த பிரதி கொடுத்தேன்.

இப்போது விண்ணப்பிக்க நினைக்கிறவர்களுக்குக் காலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எராஸ்மஸ் முண்டுஸ் பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து தை வரை திறந்திருக்கும். செவ்னிங் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை. ஜேர்மனியின் குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஆடி 15 (ஜூலை 15) கடைசித் திகதி, வெளிநாட்டவர்களுக்குச் சில இடங்களில் பங்குனியிலேயே முடிந்துவிடும். பல பல்கலைக்கழகங்கள் யூனி அசிஸ்ட் என்ற பொது நிறுவனத்தினூடாக வாங்குகின்றன, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் கூடுதலாகப் போடுகிற ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குச் செல்லும், ஆகவே அதை வெள்ளெனவே எடுத்து வைக்கலாம். பெறுபேற்று விபரப் பத்திரத்தை வளாகத்தில் இப்போதே கேளுங்கள், முத்திரை வைத்த உறையில் மூன்று நான்கு பிரதியாக. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.